கருடனைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போங்கள்

கேள்வி: மார்ச் கடைசியில் அம்மாவோடு நான்கு நாள் ஜப்பானில் கியோட்டோ போகிறேன். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. பதினான்கு கோவில்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எதை விடலாம்? அங்கே எப்படிக் கும்பிட வேண்டும்?
— வாசகி, சேலம்

பதில்: பதினான்கில் பத்தை அடித்துவிடுங்கள். ஒசாகாவில் வேலை பார்த்த வருடங்களில் என் அம்மாவை இப்படித்தான் ஓட ஓட அழைத்துப் போனேன். மூன்றாம் நாள் அவரால் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

எதை விட்டாலும் சஞ்சூசாங்கெண்டோ என்ற பௌத்தக் கோவிலை விடாதீர்கள். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் பக்கம்தான். மேடு ஏற வேண்டியதில்லை. 1266-ல் திரும்பக் கட்டிய மர மண்டபம், 120 மீட்டர் நீளம். உள்ளே 1001 கன்னோன் சிலைகள். கன்னோன் என்பது நாம் அவலோகிதேஸ்வரர் என்று சொல்கிற, பௌத்தர்கள் கருணையின் வடிவமாக வணங்கும் அதே போதிசத்துவர். நடுவில் பெரிய சிலை ஒன்று உட்கார்ந்திருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாகப் பொன் பூசிய சிலைகள் வரிசை வரிசையாக நிற்கும்.

அந்த வரிசைக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். என் அம்மா அங்கே ஒரு சிலை முன்னால் நின்றுவிட்டார். பறவை மூக்கு, முதுகில் இறக்கை, வாயருகே குறுக்காகப் பிடித்த புல்லாங்குழல். “இது நம்ம கருடன்டி” என்றார். ஆமாம், ஜப்பானில் அவர் பெயர் கருரா. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவர். பிரம்மாவும் இந்திரனும்கூட அந்த வரிசையில் இருக்கிறார்கள். அம்மா ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. உங்கள் அம்மாவையும் அவசரப்படுத்தாதீர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும். மார்ச்சில் அந்த மரத்தரை சில்லென்று இருக்கும், தடித்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபுஷிமி இனாரி. இது ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் கோவில். வாசல் தோரணத்தைப் பார்த்ததும் என் அம்மா ஷூவைக் கழற்றக் குனிந்துவிட்டார். வளாகத்தில் ஷூவோடு நடக்கலாம். கட்டடத்துக்குள் ஏறினால்தான் கழற்ற வேண்டும். மலை உச்சிவரை ஏற வேண்டாம், சிவப்புத் தோரண வாயில்கள் நெருக்கமாக நிற்கும் கீழ்ப்பகுதி போதும். திரும்பி வரும்போது பாருங்கள், தூண்களின் பின்புறம் காணிக்கை கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். நம் கோவில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போலத்தான்.

ஷின்டோ கோவிலில் கரண்டியால் நீர் மொண்டு, முதலில் இடது கை, அப்புறம் வலது கை கழுவி, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளிப்பார்கள். கரண்டியை வாயில் வைக்கக் கூடாது. சந்நிதி முன் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, இன்னொரு முறை குனிய வேண்டும். பௌத்தக் கோவிலில் கைதட்டக் கூடாது. நம்மைப் போலக் கைகூப்பினால் போதும்.

கியோமிசு-தேரா என்ற பௌத்தக் கோவிலுக்குப் போக நல்ல மேடு, படிகளும் உண்டு. அம்மாவுக்கு முடியும் என்றால், காலை ஆறு மணிக்கே திறக்கிறார்கள், கூட்டத்துக்கு முன் போய்விடுங்கள்.

கேள்வி: கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களை (ஆடல் பாடல் விருந்துக் கலைஞர்களை) படம் எடுக்கலாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கேட்காமல் எடுக்காதீர்கள் தம்பி. கியோட்டோவில் அவர்களை கெய்கோ என்பார்கள், பயிற்சியில் இருப்பவர் மைக்கோ. வேலைக்கு விரைந்து போகும் பெண்களை மறித்து, கிமோனோவைப் பிடித்து இழுத்தவர்கள்கூட உண்டு. அதனால்தான் 2024-ல் அங்குள்ள தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை போட்டார்கள். மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும். ஹனாமிகோஜி பெரிய தெருவில் தாராளமாக நடக்கலாம். விளக்கு ஏற்றும் நேரத்தில் போங்கள். மரச்சட்டம் போட்ட பழைய வீட்டு முகப்புகள் அப்போதுதான் அழகு.