பின்தங்கி வருபவர் சொன்னாலும் திரும்ப வேண்டும்

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பனிமலையில் ஏறி, உச்சியிலிருந்து ஸ்கீ பலகைகளில் சறுக்கி இறங்கப் போகிறோம். சீர்செய்த சறுக்குத் தளங்களில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. நானே மலையேறி இறங்குவது இதுதான் முதல்முறை. நால்வரில் மெதுவாக ஏறுபவள் நான்தான். வழியில் பயம் வந்தால், "திரும்பிவிடலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம், தோழி. ஆனால் அந்த வாய் வராத சிக்கலைக் கிளம்புவதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பனிமலையில் நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான்.

பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலானோருக்கு, அந்தச் சரிவைக் கிளப்பிவிடுவது அவர்களோ உடன் வந்தவர்களோதான். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைமுகங்களில்தான் பெரும்பாலும் பனியின் மேலடுக்கு ஒரே பாளமாகப் பெயர்கிறது. சறுக்குவதற்கு ஆசையைத் தூண்டும் சாய்வும் அதுவே! ஆகவே முதல் பயணத்துக்கு 30 பாகைக்குக் குறைந்த சாய்வுள்ள மலையையே தேர்ந்தெடுங்கள். மேலேயும் செங்குத்தான முகம் தொங்கக் கூடாது. அங்கே பெயர்வது கீழே நிற்பவர் மேல்தான் வந்து விழும். அன்று காலை வெளியாகும் பனிச்சரிவு எச்சரிக்கையை நால்வரும் சேர்ந்து படியுங்கள். காலடியில் பனி 'தொம்'மென்று அமுங்கினாலோ, பலகை முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, அதற்குமேல் விவாதம் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

டிரான்ஸ்சீவர் (பனியில் புதைந்தவரைத் தேட, ரேடியோ சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உதவும் சிறு கருவி), பனியைக் குத்திப் பார்க்கும் மடக்குக் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடங்களே பெரிய வாய்ப்பு. பிறகு மூச்சுத்திணறலால் அது வேகமாகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு அதற்குள் வந்து சேர்வது அரிது. உங்களைத் தோண்டி எடுக்கப்போவது அந்த மூன்று நண்பர்கள்தான். அவர்கள் கருவியைப் பையில் வைத்திருப்பவர்கள் மட்டும்தானா, அதை வைத்துத் தேடிப் பழகியவர்களா என்று கேளுங்கள். ஒரு டிரான்ஸ்சீவரைப் பனியில் புதைத்துத் தேடச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

ஏறும்போது பலகையின் அடியில் ஒட்டும் தோல்பட்டை பின்னுக்கு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். குதிகால் தூக்க வசதியாகத் திறந்திருக்கும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இது எளிதில் பழகிவிடும். களைத்த கால்களோடு, சீர்செய்யாத பனியில் இறங்குவதுதான் கடினம். அதற்காக ஏறும்போதே பாதிச் சக்தியை மிச்சம் வையுங்கள். வேகம் உங்களுடையதாக இருக்கட்டும், மற்றவர்கள் அதற்கு ஏற்ப நடக்கட்டும். பிரியாமல் ஏறுங்கள். ஐயமான சாய்வை மட்டும் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும்.

இன்றே அவர்களிடம் இரண்டு விதிகளைச் சொல்லுங்கள். எந்த மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று முன்பே முடிவு செய்வது ஒன்று. நால்வரில் யார் வேண்டாம் என்றாலும், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது இன்னொன்று. ஒருவராவது சலித்துக்கொண்டால், இந்த முறை அவர்களோடு போகாதீர்கள். பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். உங்கள் வேகத்தில் ஏறும் துணை அங்கே கிடைக்கலாம்.