மூணு அட்ரஸ், ஒரே இன்பாக்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு சொந்த மெயில் ஒண்ணு, ஆபீஸ் மெயில் ஒண்ணு, சங்கத்து வேலைக்குன்னு இன்னொண்ணு. மூணுக்கும் வர்றது ஃபார்வேர்ட் ஆகி ஒரே இன்பாக்ஸ்லதான் விழுது, கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட்ங்கற மெயில் புரோகிராம்ல பாக்குறேன். ஆனா எதுக்குப் பதில் போட்டாலும் சொந்த அட்ரஸ்லருந்தே போகுது. மூணு அக்கவுன்ட் போடணுமா சார்?

பதில்: தேவையே இல்லைங்க. அக்கவுன்ட்ங்கறது மெயில் வாங்குற இடம். உங்களுக்குத்தான் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துடுதே, அனுப்புறப்போ பேரும் அட்ரஸும் மாறினா போதும், அதுக்குத்தான் ஐடென்டிட்டின்னு தனியா வச்சிருக்காங்க. அக்கவுன்ட் செட்டிங்ஸ் போய் உங்க அக்கவுன்ட் மேல கிளிக் பண்ணினா வலது பக்கம் கீழ 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்'னு பட்டன் இருக்கும், உள்ள போய் 'ஆட்' குடுங்க. பேர், அட்ரஸ், சிக்னேச்சர், ரிப்ளை-டு (பதில் வந்து சேர வேண்டிய அட்ரஸ்) எல்லாம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வச்சுக்கலாம்.

இதுவரைக்கும் எல்லாரும் சரியா பண்ணிடுவாங்க. கோட்டை விடுறது அதே விண்டோல இருக்கற அவுட்கோயிங் சர்வர்லதான், அதாவது மெயிலை வெளிய அனுப்புற சர்வர். அதைத் தொடாம விட்டா ஆபீஸ் அட்ரஸ் போட்ட மெயிலும் உங்க சொந்த மெயிலோட சர்வர் வழியாவே போகும். அது ஜிமெயில் சர்வரா இருந்து அந்த அட்ரஸை அங்க பதிஞ்சு வைக்கலைன்னா, ஃப்ரம்ல நீங்க என்ன போட்டாலும் அழிச்சுட்டு ஜிமெயில் அட்ரஸையே போட்டு அனுப்பிடும், உங்க பிரச்சினை திரும்ப அங்கயே நிக்கும். வேற சில சர்வர் அனுப்பவே மாட்டேன்னு எர்ரர் காட்டும். இன்னும் சிலது பேசாம அனுப்பிடும், அதுதான் மோசம், ஏன்னா எங்க டொமைன் மெயில் இந்த இந்த சர்வர்லருந்துதான் வரும்னு ஆபீஸ்காரங்க எஸ்பிஎஃப்ங்கற பட்டியல்ல எழுதி வச்சிருப்பாங்க, கூடவே டிகேஐஎம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (பொருந்தாத மெயிலை என்ன பண்ணணும்ங்கற விதி)னு இருக்கும், வாங்குற பக்கம் ஒத்துப்பாத்து பொருந்தலைன்னா ஸ்பாம்ல தள்ளிடும் இல்ல திருப்பியே அனுப்பிடும். அதனால எந்த அட்ரஸோ அதோட எஸ்எம்டிபி சர்வரையே, அதாவது அவுட்கோயிங் சர்வரையே, தனியா சேத்து (கனெக்‌ஷன் செக்யூரிட்டில போர்ட் 587னா ஸ்டார்ட்டிஎல்எஸ், 465னா எஸ்எஸ்எல்) அந்த ஐடென்டிட்டில தேர்ந்தெடுங்க. ஆபீஸ்ல வெளி புரோகிராமுக்கு அனுமதி உண்டான்னும் ஐடி ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

அப்புறம் ரிப்ளை குடுத்தா, வந்த மெயில்ல டு, சிசி-ல உங்க எந்த அட்ரஸ் இருக்கோ அந்த ஐடென்டிட்டி தானாவே வந்துடும். பிசிசி-ல (உங்க அட்ரஸ் மெயில்ல தெரியாம) வந்ததுக்கு அந்தத் துப்பு பல சமயம் கிடைக்காது, டீஃபால்ட் வந்துடலாம், ஃப்ரம் பெட்டியை ஒரு பார்வை பாத்துட்டு அனுப்புங்க. சம்பளம் பத்தின பதில் சங்கத்து பேர்ல போனா நல்லாவா இருக்கும்?

கேள்வி: நான் புரோகிராம் எதுவும் வைக்கலை, ஜிமெயிலை பிரவுசர்லதான் பாக்குறேன். எனக்கும் இது முடியுமா?

பதில்: தாராளமா. செட்டிங்ஸ்ல 'அக்கவுன்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' போனா 'சென்ட் மெயில் அஸ்'னு இருக்கும், அங்க அட்ரஸைச் சேருங்க. அது உங்களுதுதானான்னு தெரிஞ்சுக்க அந்த அட்ரஸுக்கே ஒரு கோடு அனுப்புவாங்க, அதைப் போட்டாத்தான் வேலை செய்யும். பக்கத்துலயே, மெயில் எந்த அட்ரஸுக்கு வந்துச்சோ அதுலருந்தே பதில் போகணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதையும் டிக் பண்ணிடுங்க. சேக்குறது கம்ப்யூட்டர்லதான் முடியும், சேத்துட்டா மொபைல் ஆப்ல ஃப்ரம் மேல தட்டி மாத்திக்கலாம்.