வேணும்னே ஃபவுல் பண்ணலாமா?

கேள்வி (ஈரோட்டு வாசகர்): ஏனுங்க, பகலில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் ஆன்லைனில் கூடைப்பந்து மேலாளர் விளையாட்டு ஆடுகிறேன். ஆள் வாங்குவது, பயிற்சி கொடுப்பது எல்லாம் நம் பொறுப்பு. ஆனால் மேட்ச் தொடங்கும் முன்பே உத்தரவுகளைப் போட்டுவிட வேண்டும், நடுவில் கை வைக்க முடியாது. 'கடைசியில் பின்தங்கினால் வேண்டுமென்றே ஃபவுல் செய்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்ட மூன்று மேட்சிலும், 4 பாயின்ட்டில் தோற்க வேண்டியவன் 9, 10 பாயின்ட்டில் தோற்றேன். இது உதவாத வேலையா?

பதில்: உதவும் தம்பி. முதலில் ஒன்று. 4-இல் தோற்றாலும் 10-இல் தோற்றாலும் அது ஒரே தோல்விதான், உங்கள் லீக்கில் பாயின்ட் வித்தியாசம் கணக்கில் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். இந்த உத்தி தோல்வியைச் சிறிதாக்க வந்ததல்ல. எப்போதாவது ஓர் ஆட்டத்தையாவது பிடுங்கிக்கொள்ள வந்தது, மற்றவற்றில் வித்தியாசம் பெருகத்தான் செய்யும்.

கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 40 விநாடி பாக்கி, நீங்கள் 4 பாயின்ட் பின்னால், பந்து அவர்கள் கையில். சும்மா தடுத்துக்கொண்டிருந்தால் ஒரு முறை பந்து கிடைத்தால் எறிவதற்குத் தரும் ஷாட் கிளாக்கின் 24 விநாடியையும் அவர்கள் தின்றுவிடுவார்கள், மிச்சம் 16. அதற்குள் நீங்கள் இரண்டு முறை கூடை போட வேண்டும், அதுவும் அவர்கள் ஷாட் தவறியிருந்தால்தான். உடனே ஃபவுல் செய்தால் 2 விநாடியில் கடிகாரம் நிற்கிறது. அந்தக் குவார்ட்டரில் (கால் பகுதி ஆட்டத்தில்) உங்கள் டீம் ஃபவுல் நான்கைத் தாண்டியிருந்தால் அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது, விழுந்தால் ஒவ்வொன்றும் 1 பாயின்ட். நூற்றுக்கு 70 போடுகிற ஆள் என்றால் இரண்டு ஃப்ரீ த்ரோவில் சராசரி 1.4 பாயின்ட். சாதாரணமாகப் பந்தோடு ஒரு முறை வந்து போனால் ஓர் அணிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 பாயின்ட். ஆக 0.4 பாயின்ட் கொடுத்து 22 விநாடி வாங்குகிறீர்கள். கடைசி நிமிடத்தில் அது மலிவு. அதையே மூன்று நிமிடம் இருக்கும்போது வாங்கினால் நஷ்டம், ஏனென்றால் நேரம் அப்போது உங்களிடமே கையிருப்பில் இருக்கிறது.

யாரை ஃபவுல் செய்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். 70 போடுகிறவன் இரண்டையும் போட வாய்ப்பு 49 சதவீதம். 90 போடுகிறவனுக்கு அது 81. 50 போடுகிறவனுக்கு வெறும் 25தான், அவனிடம் நீங்கள் தருவது சராசரி 1 பாயின்ட், அதாவது நேரம் கிட்டத்தட்ட இலவசம். அதனால் எதிரணியில் பந்தைக் கையில் வைத்திருக்கப்போகும் கார்டுகளின் (பந்தைத் தட்டிக் கொண்டுவரும் வீரர்களின்) ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பார்த்த பிறகே அந்தத் தேர்வைத் தொடுங்கள். அப்புறம் உங்கள் பக்கம் மூன்று பாயின்ட் எறிகிற ஆள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் 1.4 எடுக்க, நீங்கள் இரண்டு இரண்டு பாயின்ட்டாகப் போட்டால் எட்டிப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று, இரண்டு பாயின்ட்தான் பின்னால், 35 விநாடி இருக்கிறது என்றால் ஃபவுல் வேண்டாம். நன்றாகத் தடுங்கள், 24 போனாலும் 11 விநாடி உங்களுக்கு மிச்சம். 20 விநாடிதான் என்றால் அவர்கள் பந்தைக் கட்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள், அங்கே ஃபவுலைத் தவிர வேறு வழியே இல்லை.

கேள்வி (திருப்பூர் வாசகி): இதே மாதிரி விளையாட்டில் என் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிறவன்) ரீபவுண்டில், அதாவது தவறிய பந்தைப் பிடிப்பதில், புலி, ஃப்ரீ த்ரோ 45 சதவீதம். எல்லா அணியும் அவனையே பிடித்து ஃபவுல் செய்கிறார்கள். விற்றுவிடட்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் அம்மணி. இந்த உத்தியை அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் பெயர் பெறச் செய்தவர் டல்லாஸ் கோச் டான் நெல்சன். 1997 டிசம்பரில் சிகாகோ புல்ஸுக்கு எதிராக, ஃப்ரீ த்ரோவில் மோசமான டென்னிஸ் ராட்மேனைத் திரும்பத் திரும்ப ஃபவுல் செய்யவே பப்பா வெல்ஸ் என்ற வீரரை இறக்கினார். வெல்ஸ் சுமார் 3 நிமிடத்தில் ஆறு ஃபவுலும் முடிந்து வெளியே போனார். ராட்மேன் அன்றைக்கு 12-க்கு 9 போட்டார், புல்ஸ்தான் ஜெயித்தது. பிறகு லேக்கர்ஸ் அணியின் சென்டர் ஷாகில் ஓ'நீல் மேல் அதே உத்தி. அவருடைய வாழ்நாள் ஃப்ரீ த்ரோ சராசரி 52.7 சதவீதம், வருஷக்கணக்காக அவரை அடித்துப் பிடித்தார்கள், ஆனாலும் 2000, 2001, 2002 என மூன்று பட்டத்தை லேக்கர்ஸ் வாங்கியது. உள்ளே வந்தால் அவரைத் தடுக்க ஆளில்லாததால்தானே அந்த ஃபவுலே!

உங்கள் ஆளுக்கு 45 என்றால் எதிரி தருவது ஃபவுலுக்கு 0.9 பாயின்ட், அது அவர்களுக்கு லாபம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஃபவுலும் அவர்கள் ஆள் ஒருவரின் கணக்கில் ஏறுகிறது. சர்வதேச விதியில் ஐந்தோடு ஒருவர் கதை முடிந்தது. எதிரணி பெஞ்ச் மெலிசாக இருந்தால் நான்காவது குவார்ட்டரில் அவர்களே தவிப்பார்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடத்துக்கு மட்டும் அவனை உட்கார வைத்து, ஃப்ரீ த்ரோ போடுகிற ஒரு ஆளை இறக்கும்படி உத்தரவு கொடுங்கள். பயிற்சியிலும் ஃப்ரீ த்ரோவுக்கு இடம் ஒதுக்குங்கள். 45-இலிருந்து 60-க்கு வந்தாலே ஃபவுலுக்கு 1.2 பாயின்ட், அவனைத் தொட யோசிப்பார்கள்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகர்): 3 பாயின்ட் முன்னிலை, 6 விநாடி பாக்கி, பந்து எதிரணியிடம். முன்னிலையில் இருக்கும்போதும் ஃபவுலா?

பதில்: ஆமாம், செய்யலாம். இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தாலும் நீங்கள்தான் முன்னால். ஆனால் அவன் எறியத் தொடங்குவதற்கு முன்பே தொட வேண்டும். மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே எறியும்போது தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ, பந்தும் உள்ளே போய்விட்டால் நான்கு பாயின்ட். தடுப்பாட்டத்தில் பக்குவம் இல்லாத அணி இதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகி): என் பையன் இந்த விளையாட்டைப் பார்த்துப் பார்த்து, பள்ளி மேட்சிலும் அதையே செய்தான். ஓடுகிற பையனின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டான். கோச் அவனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். இதெல்லாம் அழுகுணி ஆட்டம் இல்லையா?

பதில்: ஃபவுல் செய்வது அழுகுணி ஆட்டம் இல்லை அக்கா, அதற்கு விதியே ஒரு விலை வைத்திருக்கிறது. ஒரு குவார்ட்டரில் முதல் நான்கு டீம் ஃபவுலுக்குப் பந்து மட்டும், ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசி நிமிடத்தில் கேலரியே எழுந்து நிற்கும். அந்தச் சத்தத்திலும் நல்ல வீரர் பந்து வைத்திருப்பவரின் கைக்குக் குறுக்கே போய்ப் பந்தைத்தான் தட்டுவார், விரல் மணிக்கட்டில் படும், விசில் அடித்ததும் பேசாமல் கையைத் தூக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்.

பனியனை இழுப்பது அந்த வகை இல்லை. பந்தை ஆடும் முயற்சியே அதில் கிடையாது. அதை ஒழுங்கீன ஃபவுல் என்று கொடுத்தால் இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே திரும்பிப் போகும். பந்து நமக்கு வருவதற்காகத்தான் இந்த உத்தியே, அதுவும் போச்சு. ஓடுகிற பிள்ளை கீழே விழுந்து கையை உடைத்துக்கொள்ளவும் கூடும். உங்கள் கோச் செய்தது சரி. அடுத்த பயிற்சியில் எதிரே ஒருவனைப் பந்தோடு நிற்க வைத்து, பந்தைத் தட்டுவதை மட்டும் ஐம்பது தடவை செய்யச் சொல்லுங்கள்.