வல்லூறு வளர்த்தா துக்கம் ஆறுமா?

கேள்வி: அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு. யார்கூடவும் பேசப் பிடிக்கல. துக்கத்துல இருந்த சிலர் வல்லூறைப் பழக்கி அதுலேர்ந்து மீண்டாங்கன்னு படிச்சேன். நிஜமா, இல்ல சும்மா கதையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கதை இல்லம்மா. ஆனா வல்லூறு ஒரு வேட்டைப் பறவை, மடியில உக்காந்து ஆறுதல் சொல்ற ஜீவன் இல்ல. நாய் மாதிரி கூட்டமா வாழ்ற பழக்கமும் கிடையாது, அதனால உங்களை சந்தோஷப்படுத்தணும்னெல்லாம் அதுக்குத் தோணாது, அதட்டினா புரியாது, அடிச்சீங்கன்னா அதோட சரி, அப்புறம் உங்களை நம்பவே நம்பாது. அதுக்குப் புரியற ஒரே பாஷை கையில இருக்கற கறித்துண்டுதான்.

ஆரம்பத்துல வேலையே சும்மா உக்காந்திருக்கறதுதான். வெளிச்சம் கம்மியான ரூம், கையில தடிமனான தோல் கிளவுஸ், அதுமேல பறவை, அது கால்ல கட்டின வாரோட நுனி உங்க கையில. கண்ணை முறைச்சுப் பார்க்கக்கூடாது, பார்த்தா மிரளும். மிரண்டா கையை விட்டுப் பாய்ஞ்சு வார்லயே தலைகீழா தொங்கி படபடன்னு அடிச்சுக்கும், மெதுவா நெஞ்சுக்குக் கீழ கையக் குடுத்துத் தூக்கி உக்கார வைக்கணும், கொஞ்ச நேரத்துல திரும்ப அதே கூத்து. இப்படியே போய் ஒருநாள் குனிஞ்சு கிளவுஸ்ல இருக்கற கறியை ஒரு கொத்து கொத்தும் பாருங்க, அதுக்காகவே மூச்சை அடக்கிட்டு உக்காந்திருந்தவங்களுக்கு அந்த நிமிஷம் வேற எந்த நினைப்பும் இருக்காது. "மனசத் தேத்திக்கோ"ன்னு நூறு பேர் சொல்லி நடக்காதது இது.

தினமும் எடை போட்டு கிராம் கணக்குல எழுதணும். எடை ஏறிட்டா பசி இருக்காது, கூப்பிட்டா வராது, ரொம்ப இறங்கினா செத்துடும். அதனால காலையில எழுந்தே ஆகணும். அப்புறம் நீளக் கயிறு கட்டி கூப்பிட்டுப் பழக்கி, ஒருநாள் கயிறை அவுத்துடணும். அப்படியே பறந்து போயிடலாம்னு தெரிஞ்சும் கையை நீட்டிட்டு நிக்கணும். அப்பாவை இழந்த உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல.

ஆனா எனக்கு ஒரு பயம். ஏற்கெனவே யார்கூடவும் பேசல, பறவை வந்தா அதையே சாக்கா வச்சு கதவைச் சாத்திக்குவீங்க. தவிர காட்டுப் பறவையைப் பிடிக்கறது பல நாடுகள்ல குற்றம், அமெரிக்கால பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கினப்புறமும் குறைஞ்சது 2 வருஷம் ஒருத்தர்கிட்ட கத்துக்குட்டியா இருக்கணும்.

தூக்கமே இல்லன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க. பக்கத்துல அடிபட்ட பறவைகளைப் பார்த்துக்கற இடம் இருந்தா வாலண்டியரா போங்க. கூண்டு கழுவணும், கறி நறுக்கணும். கூட வேலை செய்ய ஆளுங்களும் இருப்பாங்க, கதை பேசணும்னு இல்ல, "அந்த வாளியை இப்படி குடுங்க"ன்னு கேட்டா போதும், ஆரம்பத்துக்கு.