1932-இல் கட்டிய வீடு: 5,60,000 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு 33 வயது, கணவருக்கு 37. இருவருக்கும் நிரந்தர வேலை. இதுவரை சொந்த வீடு வாங்கியதில்லை. ஃப்ருக்தன்பியூர்ட் பகுதியில் 1932-இல் கட்டிய 104 சதுர மீட்டர் வீடு ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. முதல் மாடி, இரட்டைக் கூடம், நடுவே வண்ணக் கண்ணாடி பதித்த தள்ளுகதவுகள். கேட்கும் விலை 5,35,000 யூரோ. 5,60,000 சொன்னால்தான் கிடைக்கும், கட்டட ஆய்வு நிபந்தனையையும் விட்டுவிடுங்கள் என்கிறார் எங்கள் முகவர். கட்டடத்தில் மொத்தம் மூன்று வீடுகள். உரிமையாளர் சங்கத்துக்கு மாதம் 75 யூரோ, சங்கத்தின் கையிருப்பு 4,200 யூரோ. நிலம் சொந்தம், குத்தகை அல்ல. எங்கள் சேமிப்பு 65,000 யூரோ. சென்னையில் இருக்கும் அப்பா வைப்புத்தொகையை உடைத்து 20 லட்சம் ரூபாய் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் 5,60,000-க்கு வேண்டாம், ஆய்வு இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

விலையை முதலில் பார்ப்போம். சொந்தக் குடியிருப்புக்குப் பத்திர மாற்று வரி 2 சதவீதம். 35 வயது நிரம்பாதவர் முதல் முறை வாங்கினால் அவர் பங்குக்கு வரி இல்லை. ஆகவே பாதி வீட்டுக்கு உங்களுக்கு விலக்கு உண்டு, கணவருக்கு இல்லை. இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 2026-இல் இந்தச் சலுகைக்கான வரம்பு 5,55,000 யூரோ. அது உங்கள் பாதிக்கு அல்ல, முழு வீட்டின் மதிப்புக்கு. 5,55,000-க்கு வாங்கினால் கணவரின் பாதிக்கு மட்டும் 5,550 யூரோ வரி. 5,60,000-க்கு வாங்கினால் சலுகை முழுவதும் போய் 11,200 யூரோ. ஐயாயிரம் கூட்டிக் கொடுத்ததற்கு அரசுக்கு இன்னொரு 5,650! முகவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வங்கி கடன் தருவது மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்புக்குத்தான், நீங்கள் சொன்ன விலைக்கு அல்ல. 5,55,000-க்கு வாங்கி, மதிப்பீடு 5,35,000 என்று வந்தால் மேலே உள்ள 20,000 உங்கள் கைப்பணம். வரி 5,550. நோட்டரி, மதிப்பீடு, கடன் ஆலோசகர், முகவர் எல்லாவற்றுக்கும் பத்தாயிரம் ஒதுக்குங்கள். 65,000-இல் மிஞ்சுவது 29,450. அதே கணக்கு 5,60,000-க்கு என்றால் 18,800தான்.

மிஞ்சும் பணத்தைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படக் காரணம் அந்த 75 யூரோ. நீங்கள் வாங்குவது தனி வீடு அல்ல. கூரை, சுவர், அடித்தளம் எல்லாவற்றிலும் ஒரு பங்கு. அவற்றைப் பராமரிப்பது வே-வே-ஏ எனப்படும் உரிமையாளர் சங்கம். நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம் ஒன்றின்படி சேமிக்க வேண்டும், இல்லையென்றால் கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 0.5 சதவீதமாவது ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டுப் பத்திரத்தில் மறுகட்டுமானச் செலவு ஒன்பது லட்சம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,500 யூரோ சேர வேண்டும். மூன்று வீட்டாரும் கட்டுவது மொத்தம் 2,700. காப்பீட்டுத் தவணையும் அதிலிருந்துதான் போகும். கையிருப்பு ஏன் 4,200-இல் நிற்கிறது என்று இப்போது புரியும். தட்டைக் கூரைக்குப் புதிதாகத் தார்த்தாள் போட வேண்டும் என்றால் அந்தப் பணம் மூச்சுக்காட்டாமல் போய்விடும்; மீதியை மூவரும் சட்டைப்பையிலிருந்து எடுக்க வேண்டும்.

சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். குறிப்பே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில். விற்பவர் சங்கத்துக்கு நடப்பாண்டிலும் முந்தைய ஆண்டிலும் பாக்கி வைத்திருந்தால் அதற்கு நீங்களும் பொறுப்பாவீர்கள். ஜன்னல் சட்டங்கள் பெரும்பாலும் பொதுச் சொத்தாகவே இருக்கும். ஒற்றைக் கண்ணாடியை மாற்றக்கூட சங்கத்தின் சம்மதம் வேண்டியிருக்கும்.

அடுத்தது அடித்தளம். தி ஹேக்கின் ஒரு பகுதி மணல்மேடு, ஒரு பகுதி கரிச்சேற்று நிலம். மண் தெருவுக்குத் தெரு மாறும். மரத்தூண்கள் மேல் நிற்கும் வீட்டில் நிலத்தடி நீர் இறங்கினால் தூணின் தலை காற்றுப்பட்டு உளுத்துவிடும். சரிசெய்யும் செலவு வீட்டுக்கு லட்சம் யூரோவை எட்டக்கூடும். முதல் மாடிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த நிலையில் ஆய்வு நிபந்தனையை விடச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய வீட்டு ஒப்பந்தங்களில் வழக்கமாகவே ஒரு முதுமைப் பிரிவு இருக்கும்: கட்டடம் பழையது, புதிய வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று. அதில் கையெழுத்திட்ட பிறகு குறை தெரிந்தால் விற்றவரைப் பிடிப்பது கடினம். போட்டி பலமாக இருந்து நிபந்தனையை விட்டே ஆக வேண்டும் என்றால், விலை சொல்வதற்கு முன்பே சில நூறு யூரோ செலவழித்து ஆய்வாளரை அழைத்துச் செல்லுங்கள். ஈயக் குழாய், பால்கனியின் இரும்பு விட்டம், கூரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடன் கிடைக்காவிட்டால் விலகும் நிபந்தனையை மட்டும் எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். கையெழுத்துக்குப் பின் மூன்று நாள் யோசிக்க அவகாசம் உண்டு. அது கடந்து, நிபந்தனையும் இல்லாமல் பின்வாங்கினால் வழக்கமான அபராதம் 10 சதவீதம். 55,500 யூரோ!

அப்பாவின் பணம் சட்டப்படி சிக்கல் இல்லை. நெதர்லாந்தில் நன்கொடை வரி கொடுப்பவர் வசிக்கும் நாட்டைப் பொறுத்தது; இந்தியாவிலேயே வாழும் உங்கள் தந்தைக்கு அது பொருந்தாது. இந்தியாவில் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரி பிடிக்கும். அதை அவர் தம் வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனாலும் விலையை ஏற்றுவதற்காக அந்த வைப்புத்தொகையை உடைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவருடைய மருத்துவச் செலவுக்கு அது அங்கேயே இருக்கட்டும்.

ஆய்வறிக்கை சுத்தமாக வந்து, மற்ற இரு வீட்டாரும் சந்தாவை உயர்த்த எழுத்தில் ஒப்புக்கொண்டால் 5,55,000 வரை போங்கள். அடித்தளத்தைப் பற்றி விற்பவர் தரப்பு மழுப்பினால் கேட்கும் விலைக்குக்கூட வேண்டாம்.