மஞ்சளுக்கு டிரைக்கோடெர்மா: சோளத்தில் வேண்டாம், எருவில் பெருக்குங்கள்

கேள்வி: மஞ்சள்ல கிழங்கழுகல் தாங்கலைங்க. டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட் ஒண்ணு வாங்கி, வேகவெச்ச சோளத்துல கலந்து பையில கட்டி வெச்சேன். பச்சையா வராம கறுப்பும் ஆரஞ்சுமா பூத்துக் கிடக்குது. எங்க தப்புங்க? நல்லா வந்தா நாலு பேருக்கு விக்கலாம்னும் இருக்கறன்.
– கொடுமுடிப் பக்கத்து விவசாயி

பதில்: டிரைக்கோடெர்மா, நோய்ப்பூஞ்சணத்தை அழிக்கும் நல்ல பூஞ்சணம்; பச்சையாக வரும். உங்கள் பையில் கறுப்பாக இருப்பது ஆஸ்பர்ஜில்லஸாக இருக்கும், ஆரஞ்சாக இருப்பது நியூரோஸ்போரா; இரண்டும் வேறு பூஞ்சணங்கள். இரண்டின் வித்துகளும் காற்றிலேயே திரிகின்றன. வெறுமனே வேகவைத்தால் சோளத்திலுள்ள கிருமிகள் முழுக்கச் சாகாது. ஆய்வகத்தில் 15 பவுண்டு நீராவி அழுத்தத்தில் வைத்து, ஆறவிட்டு, காற்றுப் படாத அறையில் தூய தாய்வித்தை, அதாவது வேறு கிருமி கலக்காமல் வளர்த்த பூஞ்சணத்தை இடுவார்கள். உங்கள் பாக்கெட்டில் இருப்பது டால்க் பவுடரில் கலந்த பூஞ்சணம்; அது தாய்வித்து அல்ல. கெட்ட சோளத்தை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள், நச்சு இருக்கலாம். பையைப் பிரிக்காமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

உங்கள் தேவைக்குச் சோளமே வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஒரு கிலோ பாக்கெட்டை 100 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, சாளை நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். கட்டுத்தரையிலிருந்து அள்ளிய புதுச்சாணி ஆகாது. அது மக்கும்போது கிளம்பும் சூட்டில் பூஞ்சணம் செத்துவிடும். டிரைக்கோடெர்மாவுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் பிடிக்கும். ஒரு பிடி எருவைப் பிழிந்தால் கை நனையலாம், தண்ணீர் சொட்டக்கூடாது. நாலு நாளுக்கொரு தரம் கிளறிவிட்டால், இரண்டு வாரத்தில் வெள்ளை படர்ந்து பச்சையேறும். வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது. அடுத்த நடவுக்கு இந்த எருவையே வித்தாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புதுப் பாக்கெட்டே வாங்குங்கள். கடையில் வெயில் படும் அலமாரியில் இருந்ததையும், தேதி முடிந்ததையும் தொடவே வேண்டாம். கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிர்வித்து இருக்க வேண்டும் என்பது விதி. தேதி தாண்டினால் அந்தக் கணக்கு நிற்காது.

வைகாசி, ஆனியில் நடும்போதே மண்ணில் ஈரம் பார்த்து இந்த எருவை இடுங்கள். டிரைக்கோடெர்மா நோய்ப்பூஞ்சணத்தைச் சுற்றிக்கொண்டு, நொதிகளைச் சுரந்து, அதன் செல்சுவரைக் கரைக்கும். ஆனால் கிழங்கு நாற்றமெடுத்த பிறகு ஊற்றிப் பயனில்லை. காப்பர் ஆக்சிகுளோரைடு, கார்பென்டசிம் போன்ற பூஞ்சணக்கொல்லி மருந்துகளோடு கலக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழுகலைக் கிளப்பும் பித்தியம் என்ற நோய்க்கிருமி தண்ணீரில் நீந்திப் பரவும். வாய்க்கால் பாசனத்தில் பாத்தி பாத்தியாக நீர் நின்றால் எந்த டிரைக்கோடெர்மாவும் காப்பாற்றாது. வடிகால் எடுங்கள், அழுகிய பாத்தி வழியாக அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விடாதீர்கள், விதைக்கிழங்கை நோயில்லாத வயலிலிருந்து எடுங்கள். என் கணக்கில் பாதி வேலை இதுதான்.

விற்பனைக்கு 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். அந்த எண்ணம் உண்மையிலேயே இருந்தால், முதலில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.