பிரின்ஸ் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறானா?

கேள்வி: ஸ்கூல் லேபில் விளையாடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஃபைல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. விண்டோஸ் 11-ல் திறக்கவில்லை. பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடுகிறது; ஆனால் ஆள் தாமதமாகத்தான் நகர்கிறான். சண்டை நடுவே ஏதோ பெட்டி வேறு வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: 1990-ல் வந்த டாஸ் பதிப்பு 16 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸில் அதை ஓட்டும் பகுதியே கிடையாது. அதனால் கம்பேட்டிபிலிட்டி மோடை மாற்றிப் பயனில்லை; டாஸ்பாக்ஸ்தான் சரி. ஃபைல்களை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், சேமிக்கும்போது மக்கர் செய்யலாம். தனி ஃபோல்டரில் போட்டு, கேமின் இஎக்ஸ்இ ஃபைலை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் விட்டால் போதும்.

நடுவே வரும் பெட்டி விண்டோஸின் ஸ்டிக்கி கீஸாகத்தான் இருக்கும். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் அது எழுந்துவிடும். இந்த கேமிலோ வாள் வீசுவதே ஷிஃப்டில். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, கீபோர்டு போய் அந்த ஷார்ட்கட்டை அணைத்துவிடுங்கள்.

தாமதம் கோளாறே இல்லை. இந்த கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்த அசைவுகள் இவை. எடுத்து வைத்த அடி முடிந்த பிறகே அடுத்த கட்டளையை ஏற்பான். அதனால் ஓடித் தாவும்போது, விளிம்புக்கு ஓர் அடி முன்பே மேல் அம்பை அழுத்துங்கள். விளிம்பருகே ஷிஃப்டோடு அம்பை அழுத்தினால் சின்னச் சின்ன அடியாக வைப்பான். கூர்முனைகளையும் இப்படியே கடக்கலாம். இந்த நடைதான் கேமின் உயிர். வேகத்தைக் கூட்டி அதைக் கெடுக்க வேண்டாம். சத்தம் விட்டுவிட்டு வந்தால் மட்டும் கன்ட்ரோல்+எஃப்12 அழுத்தி டாஸ்பாக்ஸின் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

படம் சப்பையாகத் தெரிந்தால் டாஸ்பாக்ஸ் கான்ஃபிக் ஃபைலில் 'ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' ஆக்குங்கள்.

முதல் லெவல் முடிந்ததும் எழுத்துகள் போட்ட மருந்துக் குப்பிகள் வரும். எதைக் குடிப்பது என்பதற்கு விடை கேமோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைத் தேடி எடுத்து வையுங்கள். மொத்தம் 60 நிமிடம். செத்தாலும் கடிகாரம் பின்னால் போகாது. மூன்றாம் லெவலிலிருந்து கன்ட்ரோல்+ஜி சேமிக்கும், தொடக்கத் திரையில் கன்ட்ரோல்+எல் திரும்ப எடுக்கும். ஒரே ஒரு இடம்தான், புதியது பழையதை அழித்துவிடும். அதிக நேரம் மிச்சம் வைத்து லெவலை முடித்தால், அந்த சேவ் ஃபைலை உடனே வேறு ஃபோல்டரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.